பூசணிக்காய் வெட்ட ஆள் சேர்ப்பது எப்படி

2024 ஆடி முதல் வெள்ளிக்கு முந்தைய நாள் எங்கள் கோயில் குழுவில் ஒரு செய்தி போட்டேன். "நாளைக் காலை 6 மணிக்கு அன்னதானத்துக்குக் காய் வெட்டணும். எல்லாரும் வந்து ஒத்தாசை பண்ணுங்க." பத்து நிமிஷத்தில் 41 கும்பிடு, 14 இதயம். "அம்மன் அருள்" என்று 6 பேர். போனிலேயே பணம் அனுப்பியவர்கள் 19 பேர். மறுநாள் 6 மணிக்கு மடப்பள்ளியில் இருந்தது நான், பூசாரியின் மனைவி, மூன்று பூசணிக்காய். ஒவ்வொன்றும் கைக்குழந்தைக் கனம்.

குழு என்று ஒன்று இல்லாத காலத்தில் இதே வேலைக்கு இருபது பெண்கள் உட்கார இடமில்லாமல் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்டியதைவிடப் பேசியதுதான் அதிகம். யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் வீட்டில் மாமியார் படுக்கையில் என்பதெல்லாம் வெண்டைக்காயோடு சேர்ந்து நறுக்கப்படும். அன்று நானும் பூசாரி மனைவியும் பேசக்கூட நேரமில்லாமல் வெட்டினோம். சாம்பாரில் துண்டுகள் பெரிசு என்று பிறகு குழுவில் ஒருவர் எழுதினார். அவர் வந்து சாப்பிட்டவர்தான்.

எனக்கு 57 வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் ரங்கூன். காகிதத்தில் யாங்கோன் என்றாலும் எங்கள் வாயில் ரங்கூன்தான். காலையில் தோசைக்கடை, பர்மியர்கள் "தோஷே" என்று கேட்டு வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தருகிறேன். எங்கள் தெருவில் முதலில் பெரிய போன் வாங்கியவள் என்ற ஒரே காரணத்துக்காகக் குழு நிர்வாகி ஆனேன். போன் உறவைச் சேர்க்கிறதா பிரிக்கிறதா என்று நாத்தனாரிடம் கேட்டால் "குடும்பம் நாசமாப் போனதே அதாலதான்" என்பார். கோலாலம்பூர் சாப்பாட்டுக்கடையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், "அது இல்லாட்டி நான் பைத்தியமாகியிருப்பேன் சித்தி" என்கிறான். நாத்தனார் வீடு எங்கள் தெருக்கோடியில். அக்கா மகன் இருப்பது கடலுக்கு அப்பால். அந்தத் தூரத்தில்தான் விடை இருக்கிறது என்று அந்தப் பூசணிக்காய் வெள்ளிக்குப் பிறகு நினைத்துக்கொண்டேன். அதை வைத்து நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் ஊர்க் குழுவுக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டு

கடையில் விற்கும் சாதாரண நோட்டு. போனில் இருக்கும் பெயர்களை எடுத்து மூன்று பக்கங்களில் எழுதுங்கள்: நடை தூரம், படகு தூரம், கடல் தூரம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண், வீட்டு அடையாளம். அதோடு, அவரைக் காணவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று இன்னொரு பெயர். இந்த மூன்றாவதுதான் முக்கியம்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வாரம், 2021 பிப்ரவரி 4 அன்று, ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. மார்ச் 15-லிருந்து போனில் வரும் இணையமும் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, என் சொந்த நாத்தனார் எண்கூட எனக்கு மனப்பாடம் இல்லை. பலரோடு குழு வழியாகத்தான் பழக்கம், குழுவோ திறக்கவில்லை. அந்த வாரங்களில் சாயங்காலம் இருட்டுவதற்குள் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்து வருவோம். யார் வீட்டில் சர்க்கரை வியாதிக்கு ஊசி மருந்து வேண்டும், யாரிடம் அரிசி இருக்கிறது என்பது குழு ஓடிய காலத்தைவிட அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது. இப்போது முடக்கத்தைத் தாண்டி எந்த வழியாக உள்ளே போகிறோம், எந்தச் செயலி என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். 2025-ல் அதற்கென்று சட்டமே வந்துவிட்டது. நோட்டுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் மாந்தலேயில் பூமி குலுங்கியபோது அந்த நோட்டு உதவியது. 7.7 அளவு. என் தம்பி மனைவியின் அண்ணன் குடும்பம் அங்கே. போன் போகவில்லை. குழுவில் எல்லோரும் "பிரார்த்திக்கிறோம்" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவருக்கும் அவர்கள் வீடு எங்கே என்று தெரியாது. நோட்டில் மூன்றாவது இடத்தில் ஒரு லாரி டிரைவரின் பெயர் இருந்தது. மூன்றாம் நாள் அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: சுவர் விழுந்திருக்கிறது, ஆட்கள் தெருவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை.

நடை தூரம்

போனால் உறவு பாழாவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

"எல்லாரும் வாங்க" என்று எழுதாதீர்கள். எல்லாரும் என்றால் ஒருவரும் இல்லை. 41 பேரும் மற்ற 40 பேர் போவார்கள் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரையும் தனியாக, ஒரு வேலையோடு கூப்பிடுங்கள். "மூக்குத்தி அக்கா, உங்க வீட்டுப் பெரிய அருவாமனைய எடுத்துக்கிட்டு 6 மணிக்கு வந்துருங்க. நீங்க வந்தாத்தான் பூசணிய உடைக்க முடியும்." உண்மையிலேயே அவரைவிட்டால் பூசணியை உடைக்க ஆளில்லை. இப்படிக் கூப்பிட்டால் அவர் இதயம் அனுப்ப முடியாது. வருகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லை வராததற்குக் காரணம் சொல்ல வேண்டும். இரண்டுமே பேச்சுதான்.

காலையில் வர முடியாதவர்களுக்கு வேறு வேலை. புளியை முதல் நாள் இரவே வீட்டில் ஊறவைத்து, வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம். கொடுக்க வருகிறவர் எப்படியும் ஐந்து நிமிஷம் நிற்பார். அது போதும்.

பணம் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாக இருக்கிறேன். வெளியூரில் இருப்பவர்கள் போனில் அனுப்பலாம். நடை தூரத்தில் இருப்பவர்கள் உண்டியலில் வந்து போட வேண்டும். கமிட்டியில் இதற்கு எதிர்ப்பு வந்தது. "வர்ற லட்சுமிய வேண்டாங்கிறியேம்மா" என்றார் தலைவர். முதல் மாதம் வசூல் குறைந்தது நிஜம். இப்போது பழைய அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, முழுசாக வரவில்லை.

படங்களைப் பற்றி ஒன்று. விசேஷம் நடக்கும்போதே படம் போடாதீர்கள். முன்பு பால்குடம் கிளம்பும்போதே சுடச்சுட முப்பது படம் போடுவேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வந்துபோன திருப்தி கிடைத்துவிட்டது. "நல்லா நடந்துச்சு போல அக்கா" என்று மறுநாள் கடையில் தோசை வாங்கிக்கொண்டே சொல்வார்கள். இப்போது படம் என் போனிலேயே இருக்கும். பார்க்க வேண்டுமானால் கடைக்கு வரட்டும், நான் மாவு ஊற்றும் நேரத்தில் தள்ளிப் பார்க்கட்டும்.

துக்க வீட்டுக்கு எங்கள் குழுவில் ஒரே ஒரு செய்திதான்: யார், எந்த வீடு, எடுக்கிற நேரம். அதைப் போட்டதும் குழு அமைப்புக்குள் போய், எழுதுவது நிர்வாகிகள் மட்டும் என்று மாற்றிவிடுவேன். இரண்டு நாள் கழித்துத்தான் திறப்பேன். "ஆழ்ந்த இரங்கல்" என்பதைப் போனில் கொட்டிவிட்டால் வாசலில் போய்ச் சொல்ல வார்த்தை மிச்சம் இருக்காது. பூட்டிவைத்தால் சொல்வதற்காகவாவது போகிறார்கள். போனால் நாற்காலி எடுத்துப் போட ஆளாகிறார்கள்.

அடுத்தது வதந்தி. 2014 ஜூலையில் மாந்தலேயில் ஒரு டீக்கடை முதலாளி மேல் ஃபேஸ்புக்கில் பொய்க் குற்றச்சாட்டு ஒன்று பரவி, கலவரமாகி, பௌத்தர் ஒருவர், முஸ்லிம் ஒருவர் என்று இரண்டு உயிர் போனது. 2018 நவம்பரில் அந்த நிறுவனமே, பர்மாவில் தன் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டது. எங்கள் குழுவுக்கும் ஒருமுறை அப்படி ஒன்று வந்தது: தெருமுனையில் பிரியாணி போடும் சூலியா (தமிழ் முஸ்லிம்) பாய் எதையோ கலக்கிறார் என்று. என் கடையிலிருந்து அவர் கடைக்கு நாற்பது அடி. நடந்து போய் அந்தச் செய்தியை அவரிடமே காட்டினேன். படித்துவிட்டு, "உக்காருங்க அக்கா, டீ சாப்பிடுங்க" என்றார். அவர் கை கொஞ்சம் நடுங்கியது. அன்றிலிருந்து எங்கள் விதி இது: நடை தூரத்து ஆளைப் பற்றி எது வந்தாலும், அதை அவர் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு வந்த பிறகுதான் குழுவில் போடலாம். இதுவரை யாரும் எதையும் போட்டதில்லை.

படகு தூரம்

இது சுலபம். எங்களுக்குப் பான்சோடான் துறையில் படகேறினால் ஆற்றுக்கு அக்கரை டலா, அங்கே சின்னம்மா. போனில் மூன்றே கேள்வி: கரண்ட் இருக்கா, உடம்பு எப்படி, என்ன வாங்கிட்டு வரட்டும். மிச்சமெல்லாம் நேரில். கிளம்பும்போது அடுத்த தேதியை வாசலிலேயே முடிவு செய்துவிடுங்கள். "அப்புறம் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் அது நடக்காது.

பர்மியர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தடிஞ்சுட் விளக்குத் திருநாள் சமயத்தில் அவர்கள் பெரியவர்கள் வீடு தேடிப் போய், பழம் கொடுத்து, விழுந்து கும்பிட்டு வருவார்கள். நம் தீபாவளியும் அதை ஒட்டித்தான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண் என்னை "அமா" என்பாள். அவர்கள் பேச்சில் அது அக்கா. எனக்கு அம்மா என்றே கேட்கும். வருஷா வருஷம் அவள் எனக்குச் செய்வதைப் பார்த்துத்தான் எனக்குச் சின்னம்மா ஞாபகமே வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கடல் தூரம்

1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, இங்கிருந்த நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். எங்கள் பெரியப்பா குடும்பமும் போனது. அப்பா இங்கேயே தங்கினார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. ஒரு சிம் அட்டைக்கு லட்சக்கணக்கில் சாட் கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் யார் யாரைத் தேடுவது? (கியாட் என்று எழுதுவார்கள், நாங்கள் சொல்வது சாட். போனில் அடிக்கும் அரட்டைக்கும் இப்போது அதே பெயர் என்பது ஒரு வேடிக்கை.) 2013-ல் 1,500 சாட்டுக்குக் குலுக்கல் முறையில் சிம் கொடுத்தார்கள். மறு வருஷம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. 2015-ல் பெரியப்பா பேரன் வியாசர்பாடியிலிருந்து என்னைக் கண்டுபிடித்துவிட்டான். நாத்தனார் என்ன சொன்னாலும் சரி, இந்த ஒரு விஷயத்துக்காகப் போனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்படித் தேடுகிறவர்களுக்கு: வெறும் பெயரை மட்டும் போட்டால் கிடைக்காது. இங்கே எங்களுக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, பர்மியப் பெயர் ஒன்று, இரண்டையும் போடுங்கள். தெருவின் பழைய பெயரையும் எழுதுங்கள். இன்றைக்கு ஷ்வேபொந்தா தெரு என்றால் அங்கே போன கிழவருக்குப் புரியாது, மொகல் தெரு என்றால் எழுந்து உட்காருவார். தமிழ்நாட்டில் பூர்வீகக் கிராமம், செய்த தொழில், வீட்டில் கூப்பிட்ட பட்டப்பெயர். எங்களைச் சேர்த்து வைத்தது "பல்லன் மேஸ்திரி மகன்" என்ற ஒரு வரிதான். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள், அதில்தான் எழுத்து இருக்கும்.

உறவு என்று சொல்லி வருகிறவர்களைச் சோதிக்கவும் வேண்டும். பட்டப்பெயர்களில் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்து, "பாட்டிய வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேளுங்கள். முதல் வாரத்திலேயே பணம் கேட்கிறவன் உறவாக இருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

கண்டுபிடித்த பிறகுதான் கஷ்டம். முதல் மாதம் அழுகையும் சிரிப்பும். மூன்றாவது மாதம் "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டோம்." ஆறாவது மாதம் காலை வணக்கப் பூப்படம். உறவு மறுபடி சாக ஆரம்பிப்பது அந்தப் பூப்படத்தில்தான். நாங்கள் தப்பித்தது சமையலால். மாதத்தில் ஒரு ஞாயிறு, இங்கே இரவு 8 மணி, சென்னையில் 7, கோலாலம்பூரில் 9:30. மூன்று வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரே சமையல். மொய்ங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் செய்த அன்று வியாசர்பாடி மதனிக்கு வாழைத்தண்டு கிடைக்காமல், அது இல்லாமல் ஆகுமா ஆகாதா என்று முக்கால் மணி நேரம் சண்டை. அப்படி ஒரு சண்டை போட்டு எத்தனை வருஷம்! பேசுவதற்கு விஷயம் தேடாதீர்கள், கைக்கு வேலை கொடுங்கள். இங்கே கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, பாதியில் இருட்டினால் அடுத்த ஞாயிறு சொச்சம்.

2018-ல் நேரில் போனேன். சென்னை பர்மா பஜார் பக்கம் கூட்டிப்போய்ப் பெருமையாக "அத்தோ" என்று நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அத்தோ என்றாலே கலந்து பிசைந்தது என்றுதான் அர்த்தம். எதை என்று கேட்பார்கள். சொல்லவில்லை, இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இன்னொன்று: நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தமிழ்ப் பள்ளிகள் போய்க் கோயில் வகுப்பு மட்டும் மிஞ்சிய தலைமுறை. அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று கோபிக்காதீர்கள். மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்புங்கள். குரலில் இருமல் கேட்டால் உடனே தெரியும், எழுத்தில் தெரியாது.

பேசாமல் இருப்பவர்

இதெல்லாம் எதற்கு, போனை அணைத்துப் போட்டால் போதாதா என்று அக்கா மகனிடம் கேட்டேன். அவன் இந்த மாதிரி விஷயங்களைப் படிக்கிறவன். 2018-ல் அமெரிக்காவில் நாலு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுத்துப் பார்த்தார்களாம். நாளுக்கு ஒரு மணி நேரம் போல மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கூடுதல் நேரம் இருந்தார்கள், தனியாக உட்கார்ந்து டிவியும் கூடுதலாகப் பார்த்தார்கள். அவன் சொன்ன இன்னொன்றுதான் மனசில் நின்றது. பிட்ஸ்பர்க்கில் ராபர்ட் கிராவுட் என்பவர் 73 வீடுகளில் 169 பேருக்கு இணையம் கொடுத்துப் பார்த்து, அதிகம் பயன்படுத்தியவர்கள் கொஞ்சம் தனிமைப்பட்டார்கள் என்று 1998-ல் எழுதினார். அதே ஆட்களை மறுபடி பார்த்தபோது அந்தப் பாதிப்பு பெரும்பாலும் மறைந்திருந்தது என்று 2002-ல் அவரே எழுதினார். ஆனால் அப்போது புதிதாகச் சேர்த்துப் பார்த்த வேறு ஆட்களிடம் வேறொன்று தெரிந்தது: கலகலப்பானவர்களுக்கு இணையத்தால் நன்மை கூடியது, ஒதுங்கியிருந்தவர்களுக்குத் தனிமை கூடியது.

அன்று ராத்திரி குழுவைத் திறந்து, யார் எழுதுகிறார்கள் என்று பார்க்காமல், யார் எழுதுவதே இல்லை என்று பார்த்தேன். நீங்களும் ஒருமுறை இப்படிப் பாருங்கள். எங்கள் குழுவில் டெய்லர் மாமா. மனைவி இறந்த பிறகு மூன்று வருஷமாக ஒரு வார்த்தை இல்லை, ஆனால் எல்லாச் செய்தியையும் படித்திருக்கிறார், டிக் விழுந்திருக்கிறது. 41 கும்பிடில் அவருடையது இல்லை. நான்கு தெரு தள்ளி வீடு. போனேன். தையல் மிஷின் மேல் துணி மூடியிருந்தது. "எனக்கு அதுல எழுதத் தெரியாதேம்மா, அழுத்துனா என்னமோ ஆயிருது" என்றார். மைக்கைக் காட்டிக் கொடுத்தேன். அப்புறம் எதற்கோ வாயை விட்டு, பூசணிக்காய்க் கதையைச் சொன்னேன். "அருவாமனை மொட்டையா இருக்கும். கொண்டாந்து குடுத்தாத் தீட்டித் தர்றேன், கத்திரி தீட்டுற கல்லு இருக்கு" என்றார்.

2025 ஆடி முதல் வெள்ளிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். பழைய இருபது இல்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலான பிறகு வாலிபப் பிள்ளைகள் பாதிப்பேர் ஊரிலேயே இல்லை, சில அம்மாக்களும் கூடவே போய்விட்டார்கள். மூக்குத்தி அக்கா பூசணியை உடைத்தார். முதல் நாள் சாயங்காலம் குழுவில் ஒரு குரல் வந்திருந்தது, நாலு வினாடி. முதலில் மூச்சுச் சத்தம், பின்னால் மிஷின் ஓடும் சத்தம், அப்புறம்: "கல்ல எடுத்துக்கிட்டு வர்றேன்."